மாரி முடிந்த பின் மரணாதார சங்கத்தை மீண்டும் இயக்குவது எப்படி: முழுமையான படிமுறை வழிகாட்டி

உறுப்பினர்களிடம் சந்தா சேர்த்து, மரணம் நேர்ந்த வீட்டுக்கு உதவித்தொகையும் கதிரை, பந்தல் போன்ற பொருட்களும் கொடுப்பவை மரணாதார சங்கங்கள். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டக் கிராமங்களில் இயங்கும் இச்சங்கங்கள் பல, ஐப்பசியில் விதைப்பு மும்முரமாகும்போது மாதக் கூட்டங்களை நிறுத்திவிட்டு, மாரி ஓய்ந்து பெரும்போக வேளாண்மை வெட்டும் முடிந்த பின்னர் மாசியிலோ பங்குனியிலோ மீண்டும் கூடுகின்றன. இடைப்பட்ட நான்கைந்து மாதங்களில் கூட்டம் நிற்கிறதே தவிர மரணம் நிற்பதில்லை. உதவித்தொகை கொடுக்கப்படுகிறது, கதிரைகள் கைமாறுகின்றன, சந்தா யாரிடமோ சேர்கிறது. இவற்றில் பாதிகூட எழுதப்படுவதில்லை. அந்த எழுதப்படாத மாதங்களை ஏட்டுக்குக் கொண்டுவருவதுதான் மீளத் தொடங்கும் வேலையின் பெரும்பகுதி.

புதிய நிர்வாகிகள் ஏறக்குறைய எப்போதும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்: பொதுக்கூட்டத்தை முதலில் அழைத்துவிட்டு, கணக்கையும் பதிவேட்டையும் அங்கே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணுகிறார்கள். நான் செயலாளரான முதலாவது ஆண்டில் அதைத்தான் செய்தேன். காணாமற்போன ஒரு பற்றுச்சீட்டுப் புத்தகத்தைப் பற்றி இரண்டு மணித்தியாலம் வாதம் நடந்து, வந்தவர்கள் பாதியில் எழுந்து போனார்கள். புத்தகம் மறுநாள் எனது வீட்டு அலுமாரியின் மேல் இருந்தது. கீழே பொதுக்கூட்டம் ஒன்பதாவது படியாக வருவதற்குக் காரணம் அதுவே. முழு வேலைக்கும் நான்கு வாரமாவது ஒதுக்குங்கள்.

1. நாளைக் குறிப்பதற்கு முன் ஊரின் காலத்தைப் பாருங்கள்

வடகீழ்ப் பருவமழை கார்த்திகையில் வலுத்து தை வரை நீடிக்கும். அது முடிந்த கையோடு கூட்டம் வைப்பது பிழை. ஏனெனில் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கத்தில் ஆண்கள் அப்போது வயல் வாடிகளில் இருப்பார்கள். வெட்டு முடிந்து நெல் விற்ற பிறகே சந்தா நிலுவையைப் பற்றிப் பேச முடியும், அதற்கு முன் பேசினால் ஆட்கள் கூட்டத்துக்கே வரமாட்டார்கள். மறுபுறம், மிகவும் பிந்தினால் சிறுபோக வேலைகளும் சித்திரைப் புத்தாண்டும் குறுக்கே வரும். அவற்றைத் தாண்டினால் வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குகள் தொடங்கிவிடும். ஆகவே மாசி நடுப்பகுதி முதல் பங்குனி இறுதி வரையுள்ள காலமே வசதியானது.

கிழமை நாட்களைவிடப் பௌர்ணமி நாளான போயா விடுமுறை நல்லது, அரச உத்தியோகத்தர்களும் ஆசிரியர்களும் வீட்டில் இருப்பார்கள். பௌர்ணமிப் பூசை மாலையில் இருப்பதால் கூட்டத்தைப் பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கி ஐந்தரைக்குள் முடிக்க வேண்டும். கிறிஸ்தவக் குடும்பங்களும் உறுப்பினராக உள்ள ஊரில் ஞாயிறு காலையைத் தவிர்க்கவும். வெல்லாவெளி போன்ற யானை நடமாட்டமுள்ள பகுதிகளில் பொழுதுபடும் முன் ஆட்கள் வீடு திரும்பிவிட வேண்டும் என்பதை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆயினும் வெளியிலிருந்து இடமாற்றம் பெற்று வந்து போசகராக இருக்கும் உத்தியோகத்தர்கள் ஏழு மணிக் கூட்டம் கேட்பதைக் கண்டிருக்கிறேன்.

2. எல்லாப் புத்தகங்களையும் ஒரே மேசைக்குக் கொண்டுவாருங்கள்

தேவையானவை: சங்கத்தின் யாப்பு (விதிக்கோவை), பதிவுச் சான்றிதழ், கூட்டறிக்கைப் புத்தகம், காசேடு, வங்கிப் புத்தகம், உறுப்பினர் பதிவேடு, சொத்துப் பதிவேடு, பாவித்து முடிந்ததும் முடியாததுமான பற்றுச்சீட்டுப் புத்தகங்கள் யாவும். பற்றுச்சீட்டுப் புத்தகங்களைத் தொடரிலக்க ஒழுங்கில் அடுக்கிப் பாருங்கள். 301 முதல் 400 வரையுள்ள புத்தகம் இல்லையென்றால், யாரோ ஒருவருடைய கையில் சங்கத்தின் காசு இருக்கக்கூடும் என்று பொருள். அவர் அதை மறந்திருக்கவும் கூடும். இப்போது நேரில் போய்க் கேட்டால் அது சாதாரண விசாரிப்பு. கூட்டத்தில் கேட்டால் அதுவே குற்றச்சாட்டு.

நனைந்த ஏடுகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்டவர்கள் ஏடுகளைத் தரையில் வைப்பதில்லை என்றாலும், கூரை ஒழுக்கும் ஈரக்காற்றும் ஒவ்வொரு மாரியிலும் சில புத்தகங்களைக் கெடுக்கின்றன. நனைந்த புத்தகத்தை வெயிலில் போடக்கூடாது. தாள் சுருங்கி, ஒட்டு விட்டுப்போகும். ஒட்டியிருக்கும் தாள்களை இழுத்துப் பிரிக்கவும் கூடாது. நிழலில், காற்றோட்டமான இடத்தில், புத்தகத்தை விசிறிபோல் நிமிர்த்தி வைத்து, இடையிடையே வெற்றுத்தாள் செருகி, அத்தாள்கள் ஈரமானதும் மாற்றிக்கொண்டிருந்தால் மூன்று நாட்களில் பக்கங்கள் தாமாகப் பிரியும். பிரிந்த பக்கத்தை உடனே கைபேசியில் படம் எடுத்துவிடுங்கள். குமிழ்முனைப் பேனையால் எழுதியது பெரும்பாலும் தப்பிவிடும், மைப்பேனையாலும் பல ஜெல் பேனைகளாலும் எழுதியது கரைந்துவிடும். இனிமேல் காசேட்டை எந்தப் பேனையால் எழுதுவது என்பதை இதிலிருந்தே தீர்மானிக்கலாம்.

அழிந்துபோன பதிவுகளை நினைவிலிருந்து பழைய ஏட்டிலேயே திருத்தி எழுதுவது பெரிய தவறு. புதிய தாளில், “நனைந்து அழிந்த பதிவுகளின் மீளெழுத்து” என்று தலைப்பிட்டு, திகதியிட்டு, இருவர் கையொப்பமிட்டு ஏட்டுடன் இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் கணக்காய்வாளர் அதை மோசடித் திருத்தமாகவே பார்ப்பார், அவர் அப்படிப் பார்ப்பதில் நியாயமும் உண்டு.

3. ஓய்வுக்காலத்து மரணங்களை ஒவ்வொன்றாக எழுதுங்கள்

கணக்கைத் தொடுவதற்கு முன் இதைச் செய்யவேண்டிய காரணம், ஓய்வுக்காலத்தில் வெளியேறிய காசில் ஏறக்குறைய முழுவதும் மரணச் செலவாகவே இருக்கும் என்பதாகும். மரணங்களின் பட்டியல் இல்லாமல் காசேட்டைப் பார்த்தால் புரியாத பற்றுகள் மட்டுமே தெரியும்.

ஒவ்வொரு மரணத்துக்கும் இறந்தவரின் பெயர், உறுப்பினர் இலக்கம், திகதி, கொடுக்கப்பட்ட தொகை, கொடுத்தவர், பெற்றவர், அந்தக் காசு எங்கிருந்து எடுக்கப்பட்டது என்ற ஏழு விடயங்களையும் எழுத வேண்டும். கடைசி விடயமே முக்கியமானது. செத்த வீட்டில் காசு உடனடியாகத் தேவைப்படும், வங்கியோ அடுத்த நாள்தான் திறக்கும். அதனால் எவராவது தனது சட்டைப்பையிலிருந்து கொடுத்திருப்பார். வெள்ளத்தால் பாதை அடைபட்டிருந்த நாளில் நடந்த மரணமாயின் இது நிச்சயம். இப்படிக் கொடுத்தவர் பெரும்பாலும் கேட்க வெட்கப்படுவார், சங்கமும் மறந்துவிடும், அடுத்த முறை அவர் கொடுக்கமாட்டார்.

கிராம உத்தியோகத்தரின் கடிதமோ மரணச் சான்றிதழின் பிரதியோ கிடைக்காத கோவைகளைத் தனியே வையுங்கள். துக்க வீட்டுக்கு ஆவணம் கேட்டுப் போவது கூசும் காரியந்தான். எட்டாம் நாள் எட்டுச் செலவும் அதன்பின் வரும் அந்தியேட்டிக் கிரியையும் முடியும் வரை பொறுத்துக்கொண்டு போவதே வழக்கம். ஆனால் பொதுக்கூட்டத்துக்கு முன் அது கோவையில் இருந்தாக வேண்டும்.

உதவி கிடைக்காமற்போன மரணம் ஏதும் உண்டா என்றும் கேட்டுப் பாருங்கள். ஓய்வுக்காலத்தில் சங்கம் இயங்கவில்லை என்று நினைத்து அறிவிக்காமல் இருந்துவிட்ட குடும்பங்கள் உண்டு. யாப்பு இடங்கொடுத்தால் அதைச் செயற்குழுவில் வைத்துத் தீர்க்கலாம். பொதுக்கூட்டத்தில் அந்த வீட்டுப் பெண் எழுந்து நின்று கேட்கும் நிலைக்கு விட்டுவிடாதீர்கள்.

4. காசேட்டையும் வங்கிப் புத்தகத்தையும் ஒத்துப்பாருங்கள்

வங்கிப் புத்தகத்தை முதலில் கிளைக்குக் கொண்டுபோய்ப் பதிவிட்டுக்கொள்ளுங்கள். நீண்டகாலம் கொடுக்கல் வாங்கல் இல்லாத கணக்கை வங்கி செயலற்ற கணக்காக வகைப்படுத்திவிடும், மீண்டும் இயக்கக் கையொப்பதாரர்கள் அடையாள அட்டையுடன் நேரில் போக வேண்டியிருக்கும். அதனாலேயே இதைக் கடைசி வாரத்துக்கு விடக்கூடாது என்கிறேன்.

ஒத்துப்பார்க்கும் முறையை ஒரு மாதிரிக் கணக்கால் காட்டுகிறேன். கூட்டம் நின்றபோது காசேட்டின்படி வங்கியில் இருந்தது 212,400 ரூபா. இப்போது வங்கிப் புத்தகம் காட்டுவது 163,750 ரூபா. இடையில் 25,000 ரூபா வீதம் இரண்டு மரணங்களுக்காக 50,000 ரூபா எடுக்கப்பட்டிருக்கிறது. அதைக் கழித்தால் 162,400 வர வேண்டும். மிகுதி 1,350 ரூபா எங்கிருந்து வந்தது? வட்டி 1,500 ரூபாவில் 10 சதவீத வரியான 150 ரூபாவைப் பிடித்துக்கொண்டு வங்கி வரவு வைத்த தொகை அது. 2025 ஏப்ரல் முதல் வட்டியில் பிடிக்கப்படும் வரி 5 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகியிருப்பதால், பழைய வீதத்தில் கணக்குப் போடுபவருக்கு இத்தொகை ஒத்துவராது. காசேட்டில் 1,500 ரூபாவை வரவாகவும் 150 ரூபாவைச் செலவாகவும் தனித்தனியே எழுத வேண்டும்; 1,350 என்று ஒரே வரியில் எழுதினால் வரி பிடிக்கப்பட்டதற்கான அடையாளமே ஏட்டில் இராது.

இத்துடன் பொருளாளர்கள் பேனையை மூடிவிடுகிறார்கள். ஆனால் இந்த மாதிரியில், மூன்றாவது படியில் எழுதிய பட்டியலில் மூன்று மரணங்கள் இருந்தன என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவதற்கான 25,000 ரூபாவை ஓர் உறுப்பினர் தனது காசிலிருந்து கொடுத்திருக்கிறார், அது காசேட்டிலும் இல்லை, வங்கிப் புத்தகத்திலும் இல்லை. சங்கம் அவருக்குக் கடன்பட்டிருக்கிறது. அதைக் கழித்தால் 138,750. மார்கழியில் ஒரு வட்டாரத்தில் சேர்த்து இன்னும் வங்கியில் இடப்படாமல் சேகரிப்பாளரிடம் இருக்கும் சந்தா 4,500 ரூபாவைக் கூட்டினால் 143,250. சங்கத்தின் உண்மையான கையிருப்பு இதுவே. வங்கிப் புத்தகத்தைப் பார்த்து 163,750 ரூபா இருக்கிறது என்று கூட்டத்தில் அறிவித்த பொருளாளர், அடுத்த மாதம் இருபதாயிரத்துக்கு மேல் குறைந்ததற்கு விளக்கம் சொல்ல முடியாமல் நிற்பார். அவர் ஒரு சதமும் எடுத்திருக்கமாட்டார்.

கணக்கு முடிந்ததும், நிர்வாகத்தில் இல்லாத இருவரிடம் கொடுத்துப் பார்வையிடச் செய்யுங்கள். யாப்பின்படி உள்ளகக் கணக்காய்வாளர் தெரிவுசெய்யப்பட்டிருந்தால் அவரிடமே கொடுக்க வேண்டும், வசதியாக இருப்பவரிடம் கொடுக்கக்கூடாது.

5. உறுப்பினர் பதிவேட்டை வீடு வீடாகச் சென்று சரிபாருங்கள்

இந்தப் படியைத் தொலைபேசியில் முடிக்க முயல்வோர் அதிகம். முடியாது. வட்டாரம் வட்டாரமாகப் பிரித்து, இருவர் இருவராக, பதிவேட்டின் பிரதியுடன் போக வேண்டும். இருவர் போவதற்குக் காரணம், ஒருவர் பேசும்போது மற்றவர் எழுதலாம், பின்னர் சாட்சியும் உண்டு.

நமது பகுதியில் பதிவேடு கெடுவதற்கு முதற்காரணம் திருமணம். மாப்பிள்ளை பெண்வீட்டில் வந்து குடியிருப்பதே மட்டக்களப்புப் பக்கத்துப் பெருவழக்கு, வீடும் மகளுக்கே சீதனமாகப் போகிறது. தையில் முகூர்த்தம் பார்த்து வெளியூருக்குப் போன மகனின் பெயர் தகப்பனின் அட்டையில் அப்படியே இருக்கும். களுவாஞ்சிகுடியிலிருந்து வந்த மருமகனின் பெயரோ எந்த அட்டையிலும் இராது. போன இடத்துச் சங்கத்திலும் பெயர் பதிந்துவிட்டால் ஒருவருக்கு இரண்டு உரித்து, பதியாவிட்டால் அவருடைய மரணத்தின்போது இரு சங்கங்களும் மற்றதைக் கைகாட்டும். ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் கேட்க வேண்டிய முதற்கேள்வி, “போன ஐப்பசிக்குப் பிறகு இந்த வீட்டுக்கு வந்தது யார், இங்கிருந்து போனது யார்?” என்பதே.

இரண்டாவதாக, வெளிநாட்டில் இருப்பவர்கள். கட்டாரிலோ குவைத்திலோ வேலை செய்பவரின் சந்தாவை வீட்டார் கட்டுகிறார்கள், ஆனால் அவர் அங்கே இறந்தால் உதவி உண்டா, பெற்றோர் இங்கே இறந்தால் யாருக்குக் கொடுப்பது என்பது பல யாப்புகளில் தெளிவாக இல்லை. வீட்டுக்குப் போகும்போதே, உறுப்பினர் இறந்தால் உதவித்தொகையைப் பெறவேண்டியவரான பின்னுரித்தாளியின் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். பின்னுரித்தாளியாக எழுதப்பட்டவர் இறந்துவிட்ட அட்டைகளும் இருக்கும், அவற்றை அந்த இடத்திலேயே மாற்றிக் கையொப்பம் வாங்க வேண்டும்.

நிலுவையைப் பற்றி: வீட்டு வாசலில் நின்றுகொண்டு எவருக்கும் தள்ளுபடி சொல்லாதீர்கள். வெள்ளத்தில் பயிர் அழிந்த குடும்பத்துக்குச் சலுகை கொடுக்க வேண்டியிருக்கலாம். அது பொதுக்கூட்டத்தின் அதிகாரம். நீங்கள் ஒரு வாசலில் சொன்னது நீங்கள் அடுத்த வாசலுக்குப் போகுமுன் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

கட்டியதாகச் சொல்பவரிடம் பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் என்ன செய்வது? ஆற்றோரத்து வீடொன்றில் ஒரு மூதாட்டி என்னிடம், “நான் கட்டிப்போட்டன் மனே, துண்டுதான் வெள்ளத்தோட போயிட்டு” என்றார். பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் அடிக்கட்டையைப் புரட்டினோம், கார்த்திகை நான்காம் திகதி அவருடைய பெயர் இருந்தது. அடிக்கட்டை இருக்கும்போது உறுப்பினரின் சொல்லை மறுக்கவோ ஏற்கவோ வேண்டிய அவசியமில்லை. இரண்டாம் படியில் பற்றுச்சீட்டுப் புத்தகங்களை முதலில் சேர்த்துக்கொள்ளச் சொன்னதன் பயன் இங்கேதான் தெரியும். அடிக்கட்டையும் இல்லையென்றால் “தகராறு” என்று குறித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போங்கள்.

6. சொத்துக்களை எண்ணி, விரித்து, இயக்கிப் பாருங்கள்

பதிவேட்டில் 120 கதிரை என்று இருப்பதைப் பார்த்து 120 என்று மீண்டும் எழுதுவது கணக்கெடுப்பாகாது. எண்ணுங்கள். குறைவானவை பெரும்பாலும் கடைசியாக நடந்த செத்த வீட்டின் பக்கத்து வளவுகளில் இருக்கும். முதுகுப்புறத்தில் சங்கத்தின் எழுத்து வர்ணத்தால் எழுதப்பட்டிருந்தால் திருப்பிக் கேட்பதில் சங்கடம் இராது. உட்காரும் பக்கத்தில் எழுதினால் ஒரு வருடத்தில் தேய்ந்துவிடும்.

தறப்பாளை ஈரத்துடன் மடித்து வைத்திருப்பார்கள், விரித்தால் மடிப்புகள் முழுவதும் பூஞ்சணம். சவர்க்கார நீரில் தேய்த்து, இரு பக்கமும் காயவிட்டு, சுருட்டி வையுங்கள். மடிக்க வேண்டாம், மடிப்பு விழுந்த இடத்திலேயே அடுத்த வருடம் கிழியும். பந்தல் குழாய்களின் பொருத்துகள் கறள்பிடித்து இறுகியிருந்தால் இப்போதே எண்ணெய் விட்டுக் கழற்றிப் பாருங்கள். நள்ளிரவில் மரண வீட்டு முற்றத்தில் சுத்தியலால் தட்டும் சத்தம் எவருக்கும் நல்லதாக இராது.

மின்பிறப்பாக்கி தனிக்கவனம் கேட்கும். பல மாதங்கள் தாங்கியில் நின்ற பெற்றோல் பிசினாகி, காபுரேற்றரின் நுண்துளையை அடைத்துவிடும். பழையதை முழுவதும் வடித்து, புதிய பெற்றோல் விட்டு, பிளக்கைக் கழற்றித் துடைத்து, எண்ணெயின் அளவைப் பார்த்து, வெறுமனே அல்லாமல் நான்கைந்து மின்குமிழ்களையாவது இணைத்து இருபது நிமிடம் ஓடவிடுங்கள். சுமையில்லாமல் ஓடும் இயந்திரம் சுமை ஏறியதும் நின்றுபோவது உண்டு. வெட்டவெளியில் வைத்தே ஓட்ட வேண்டும், மூடிய இடத்தில் அதன் புகை உயிரைக் கொல்லும்.

கிடாரம், அகப்பை, தண்ணீர்த் தாங்கி ஆகியவற்றை எண்ணினால் போதும்.

7. செயற்குழுவைக் கூட்டுங்கள்

மேலுள்ள நான்கு பட்டியல்களும் தயாரான பிறகே செயற்குழு கூட வேண்டும். மரணப் பட்டியல், கணக்கு, தகராறு என்று குறித்த நிலுவைகள், பழுதான சொத்துக்கள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, எது செயற்குழுவின் அதிகாரத்தில் தீரும், எது பொதுக்கூட்டத்துக்குப் போக வேண்டும் என்று யாப்பைத் திறந்துவைத்துப் பிரியுங்கள். பற்றுச்சீட்டுத் தகராறுகளில் பெரும்பகுதி இங்கேயே தீர்ந்துவிட வேண்டும்.

பதவி வெற்றிடங்களையும் இப்போதே பாருங்கள். உப செயலாளர் இடமாற்றம் பெற்றுப் போயிருப்பார். ஒரு வட்டாரச் சேகரிப்பாளர் வெளிநாடு போயிருப்பார். யாரைப் போடுவது என்று பேசி முடிவெடுத்துவிட்டுப் பொதுக்கூட்டத்தில் பெயரை மட்டும் வாசிப்பது ஊருக்குப் பிடிப்பதில்லை. விருப்பமுள்ளவர்களை முன்கூட்டியே கேட்டுவைப்பது வேறு. கேட்காமல் விட்டால் பெயர் முன்மொழியப்பட்டவர் எழுந்து “எனக்கு நேரமில்லை” என்பார், அதன் பிறகு எவரும் முன்வரமாட்டார்.

8. அறிவித்தல்

யாப்பில் சொன்ன நாட்களுக்குக் குறையாமல், நிகழ்ச்சிநிரலுடன், எழுத்தில் அறிவிக்க வேண்டும். கோயில் விளம்பரப் பலகை, சனசமூக நிலையம், கூட்டுறவுக் கடை ஆகிய மூன்று இடங்களில் ஒட்டினால் ஊர் முழுவதும் அறியும். வாட்ஸ்அப் குழுவில் போட்டதை மட்டும் அறிவித்தலாகக் கொள்ளாதீர்கள், ஏனெனில் சந்தாவை ஒழுங்காகக் கட்டுகின்ற முதியவர்கள் அக்குழுவில் இல்லை. முச்சக்கர வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்வதாயின் பொலிஸ் அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள்.

ஒட்டிய அறிவித்தலைத் திகதி தெரியும்படி படம் எடுத்துவையுங்கள். எனக்குச் சொல்லவில்லை என்று பின்னர் ஒருவர் கூறினால் அதுவே பதில்.

9. பொதுக்கூட்ட நாள்

வாசலில் ஒரு மேசையும் வரவுப் புத்தகமும் இருக்கட்டும், கையொப்பமிட்ட பிறகே உள்ளே வரச் செய்யுங்கள். கூட்டநடப்பெண் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை) நிறைந்ததா என்பதைத் தலையை எண்ணிச் சொல்ல முடியாது; பிள்ளைகளும் அயலூர் உறவினரும் உள்ளே இருப்பார்கள். நடப்பெண் நிறையவில்லையென்றால் யாப்பு சொல்லும் நேரம்வரை காத்திருந்து, அதன்பின் ஒத்திவைக்க வேண்டும். “வந்தவர்களை வைத்து நடத்துவோம்” என்று நடத்திய கூட்டத்தின் தீர்மானத்தை எதிர்க்க விரும்புபவருக்கு வேறு ஆயுதம் தேவையில்லை.

ஒழுங்கு இவ்வாறு அமையட்டும்: ஓய்வுக்காலத்தில் இறந்தவர்களின் பெயர்களை வாசித்து மௌன அஞ்சலி, சென்ற கூட்டறிக்கை வாசித்து ஏற்றல், மரண உதவிகளின் பட்டியல், கணக்கறிக்கை, நிலுவைத் தீர்மானம், சொத்து அறிக்கை, வெற்றிடங்களுக்கான தெரிவு, ஏனையவை. மரணப் பட்டியல் கணக்குக்கு முன் வருவதால், மேற்கண்ட மாதிரிக் கணக்கில் 75,000 ரூபா செலவென்று கேட்கும்போது ஏன் என்று கேட்க எவருமிரார்; மூன்று பெயர்களும் அனைவரின் காதிலும் இருக்கும். தெரிவு கணக்குக்குப் பின் வருவதற்கும் காரணம் உண்டு. கணக்கு ஏற்கப்படுமுன் புதியவர் பொறுப்பேற்றால் பழைய குறைக்கு அவரும் பதில் சொல்ல வேண்டியதாகிவிடும். சில ஊர்களில் தெரிவை முதலில் வைத்துவிட்டு, சனம் கலைந்த பின் பத்துப்பேருக்குக் கணக்கு வாசிப்பார்கள். அதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

நிலுவைத் தீர்மானத்தில் ஒரே விதியை எல்லோருக்கும் வையுங்கள்: எத்தனை மாத நிலுவை வரை உரித்து தொடரும், எத்தனை தவணையில் கட்டலாம், கட்டி முடிக்குமுன் மரணம் நேர்ந்தால் உதவித்தொகையில் நிலுவையைக் கழிப்பதா. இந்த மூன்றாவது கேள்வியை விட்டுவிடுகிறார்கள். பிறகு அது பிரேதம் கிடக்கும் வீட்டில் எழும்.

செயலாளர் தீர்மானங்களைக் கூட்டத்திலேயே எழுதி, முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர்களுடன், கலையுமுன் உரத்து வாசிக்க வேண்டும். வீட்டுக்குப் போய் எழுதினால் தொகையோ பெயரோ மாறிவிடும்.

10. கூட்டத்துக்குப் பின் இரண்டு வாரம்

கையொப்பதாரர் மாறியிருந்தால் கூட்டறிக்கையின் உறுதிப்படுத்திய பிரதியுடன் பழையவரும் புதியவரும் வங்கிக்குப் போக வேண்டும். தீர்மானத்தில் அடையாள அட்டை இலக்கங்களும் கணக்கு இலக்கமும், எவர் இருவர் சேர்ந்து கையொப்பமிட வேண்டும் என்பதும் எழுதப்பட்டிருக்கட்டும். “புதிய நிர்வாகம் கணக்கை இயக்கும்” என்று பொதுவாக எழுதிய பிரதியை வங்கி திருப்பி அனுப்பும், அதற்காக மறுபடி கூட்டம் வைத்தவர்கள் உண்டு. பதிவு எந்த அலுவலகத்தில் இருக்கிறதோ அங்கே நிர்வாகிகளின் புதிய பட்டியலை ஒப்படையுங்கள். கிராம அபிவிருத்திச் சங்கங்கள் பிரதேச செயலகத்திலும், சனசமூக நிலையங்கள் உள்ளூராட்சி சபையிலும் பதியப்படுபவை. அவற்றின் கீழ் இயங்கும் சங்கமாயின் அவ்வழியே போக வேண்டும்.

தனது பையிலிருந்து கொடுத்தவருக்குரிய 25,000 ரூபாவை முதலாவது வங்கி நாளிலேயே பற்றுச்சீட்டுடன் திருப்பிக் கொடுங்கள். அதன் பின்பே சந்தாச் சேகரிப்பைத் தொடங்குங்கள்.

பழைய பற்றுச்சீட்டுப் புத்தகங்களில் எஞ்சிய வெற்றுத் தாள்களைக் குறுக்கே கோடிட்டு இரத்துச் செய்து, புதிய தொடரிலக்கத்துடன் சேகரிப்பாளர்களுக்குக் கையொப்பம் வாங்கிக் கொடுக்க வேண்டும். அடுத்த மாரிக்காக ஒரு சிறுதொகையை அவசரக் காசாக யார் வைத்திருப்பது என்பதையும், வாவியின் இரு கரையிலும் உறுப்பினர் உள்ள சங்கமாயின் ஒவ்வொரு கரைக்கும் ஒருவராக, இப்போதே பெயரிட்டு எழுதுங்கள்.

கடைசியாக, ஏடுகள் வைக்கும் தகரப்பெட்டியின் மூடிக்கு உட்புறத்திலும் பொருட்கள் வைக்கும் அறையின் கதவிலும் மரணம் அறிவிக்க வேண்டிய தொலைபேசி எண்களை ஒட்டுங்கள். பதவி வரிசையில் எழுதாமல், இரவில் தொலைபேசியை எடுப்பவர் யார் என்று பார்த்து எழுத வேண்டும். எங்கள் பட்டியலில் முதலாவதாக இருப்பது, விடியவிடியப் பாண் போடும் பேக்கரிக்காரரின் எண்.